சித்தப்பாவின் ஃபீலர்கள்

என் சித்தப்பாவிடம் ஒரு கறுப்புக் குடை இருந்தது. வளைந்த மரப்பிடி, ஒரு கம்பி மட்டும் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கும். மலையாள ஊரான கரமனையில், எங்கள் தமிழ்த் தெருவில் அந்தக் குடையை அடையாளம் தெரியாதவர்கள் கிடையாது. அது சித்தப்பாவின் வீட்டில் இருந்ததைவிட மற்றவர்கள் வீட்டில் இருந்ததுதான் அதிகம். வெளியூர்க்காரர்கள் அவரை மறதிக்காரர் என்று நினைப்பார்கள். மறதியா, அவருக்கா! தெருவில் யாருக்கு என்ன நட்சத்திரம், யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் விரல்நுனியில் வைத்திருந்த மனிதர். குடையை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வருவார்.

தெருவில் ஒரு வீட்டுப் பையனுக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கேட்கலாம் என்று யாருக்காவது எண்ணம் வந்தால் நேரே போய்க் கேட்க மாட்டார்கள். முதலில் சித்தப்பாவிடம் வருவார்கள். அவர் அந்த வீட்டுக்கு வேறு ஏதோ காரியமாகப் போவதுபோலப் போவார். கொடுத்த காபியைக் குடிப்பார். பேச்சோடு பேச்சாக விஷயத்தை லேசாகத் தொட்டுவிட்டு, குடையை வாசற்கதவு மூலையில் சாத்தி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். ஒரு வாரத்துக்குள் அந்த வீட்டுக்காரர்கள் யாரிடமாவது குடையைக் கொடுத்தனுப்பிவிட்டால், வேண்டாம் என்று அர்த்தம். குடை அங்கேயே இருந்தால் மேலே பேசலாம் என்று அர்த்தம். சித்தப்பா மெல்லப் போய், "குடையை வெச்சுட்டுப் போயிட்டேனாக்கும்" என்று சிரித்துக்கொண்டே மறுபடியும் உட்காருவார். வேண்டாம் என்ற சொல்லை ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை, ஒருவரும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் இரண்டு வீட்டாரும் முகம் பார்த்துச் சிரிக்கலாம்.

அவர் ஓர் அரசாங்க ஆபீஸில் செக்ஷன் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆங்கிலத்தில் நோட் எழுதுவதில் பெரிய கெட்டிக்காரர் என்று பெயர். மேலதிகாரியிடம் இதைச் செய்யுங்கள் என்று எழுத முடியாது. செய்யலாமா என்று கேட்டாலும் அதிகப்பிரசங்கித்தனம். செய்வதைப் பற்றி யோசிக்கலாமோ என்று தோன்றக்கூடும் என்பதுபோல எழுத வேண்டும். அந்த மாதிரி வாக்கியங்களை அவர் ஒரு நாளைக்கு எத்தனை எழுதினாரோ, வீட்டுக்கு வந்த பிறகும் அவை அவரை விடவில்லை. சித்தியிடம் தோசை வேண்டும் என்று கேட்க மாட்டார். "மாவு புளிச்சிருக்குமோ என்னமோ" என்பார். சித்தியும் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள்.

தெருக்காரர்களுக்கு அவர் வகுத்துக் கொடுத்திருந்த படிகள் எனக்கு இன்னும் மனப்பாடம். எதிர்வீட்டு மாமி தன் பெண்ணுக்காக வந்து உட்கார்ந்திருந்தபோது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "மென்ஷன் பண்றதுன்னா அதுக்குப் பதிலே வேண்டாம் மாமி. ஃபீலர்னா நாடி பாக்கறது, வாயால பதில் வேண்டாம், மூஞ்சியப் பாத்தாப் போறும். என்கொயரின்னா பதில் வேணும், காரணம் வேண்டாம். ப்ரொபோசல்னு போயாச்சுன்னா ரெண்டும் வேணும். அப்பறம் பின்னால வர முடியாதாக்கும். நாம இப்போ வெறுதே, சும்மா ஒரு ஃபீலர் விடுவோம், கேட்டேளா?" மாமி ரொம்பக் கவனமாகத் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்றால் ஓடியவள் அந்த மாமி. ஆனாலும் மறுநாளே தெருக்குழாயடியில், "என்கொயரி ஸ்டேஜுக்கு இன்னும் வரலை" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

இதற்கெல்லாம் ஆங்கிலம் எதற்கு என்று அந்த வயதில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு யோசித்தால் புரிகிறது. வீட்டில் தமிழ். தமிழில் 'பொண்ணு தருவேளா' என்று ஒருவர் கேட்டுவிட்டால் கேட்டதுதான், தலைமுறை கடந்தும் அது நிற்கும். பஸ்ஸில், ஆபீஸில், கடையில் மலையாளம். அதில் சொன்னால் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆங்கிலம் எங்கள் யாருடைய வீட்டு மொழியும் இல்லாததால் அதில் சொன்னது யாரையும் கட்டுப்படுத்தவில்லை. மானம் போனாலும் அந்த மொழிக்குத்தான் போகும், நமக்கில்லை என்று ஒரு தைரியம். அவ்வளவு பயந்த ஜனங்கள் நாங்கள்.

என் கல்யாணமும் அந்தக் குடையில்தான் தொங்கியது. கிழக்கேகோட்டையில், பெரிய கோவிலுக்கு வடக்கே இருந்த தெருவில் என் மாமியார் வீடு; அங்கேயும் சித்தப்பாவின் குடை பிரசித்தம். சித்தப்பா ஒரு நாள் அங்கே போய்க் குடையை வைத்துவிட்டு வந்தார். வந்த அன்றிலிருந்து, வைகாசிப் பாதியில் தொடங்குகிற இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. கரமனை ஆறு கலங்கி ஓடுகிறது, தெருவெல்லாம் தண்ணீர். சித்தப்பா நனைந்துகொண்டே ஆபீஸ் போகிறார், நனைந்துகொண்டே திரும்புகிறார். அப்பா தன் குடையை நீட்டினால் வாங்க மாட்டார். "நான் வேற குடையோட நடமாடறதை அவா பாத்தா, எனக்கு அந்தக் குடை வேண்டாம்னு அர்த்தமாயிடும்" என்பார். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள். ஜுரம் வந்து படுத்தார். குடை மட்டும் திரும்பி வரவில்லை. ஜுரத்தோடு அவர் ஜன்னல் வழியாக வாசலைப் பார்ப்பதும், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவதுமாக இருக்க, எனக்குச் சிரிப்பும் வெட்கமும் தாங்கவில்லை. பிற்பாடு மாமியார் என்னிடம் சொன்னாள், "குடுத்தனுப்பணும்னு எங்காத்துல ஒருத்தர் எடுத்தார். நான்தான் புடுங்கி உள்ள வெச்சேன்" என்று. எடுத்தவர் யார் என்று இன்றுவரை சொல்லவில்லை. என் கணவர்தான் என்பது என் சந்தேகம். இப்போது கேட்டால் அவருக்கு ஞாபகமில்லை என்பார். அவருக்கு இப்போது காலையில் பல் தேய்த்ததே ஞாபகமிருப்பதில்லை.

எனக்கு இந்த வித்தையின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. சொல்லிவிடுகிறேன். அதனால் பல வீடுகளில் சண்டை வராமல் தப்பியது உண்மை. ஆனால் யாரும் யாரையும் எதுவும் நேரே கேட்காத ஒரு தெருவில் வளர்ந்தால், கேட்கத் தெரியாத மனிதர்களாகவே வயதாகிவிடுகிறது. சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஆனது.

சித்தி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியாக இருந்தார். ஒரே பிள்ளை, பெங்களூரில் நல்ல வேலை. என்னை அக்கா என்று கூப்பிடுகிற அந்தத் தம்பி இங்கேதான் படித்தான். நண்பர்களோடு மலையாளம், மனைவியோடு ஆங்கிலம், அப்பாவோடு மட்டும் கொஞ்சம் தமிழ். சித்தப்பாவின் பாஷை அவனுக்குத் தெரியாது. தமிழைச் சொல்லவில்லை, அந்த மற்ற பாஷையைச் சொல்கிறேன். நான் ஆரியசாலைக் கடைத்தெருவிலிருந்து அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு வாராவாரம் அவரைப் பார்க்கப் போவேன். அப்போது பிள்ளையின் போன் வரும். "அங்க இப்போ க்ளைமட் எப்படிடா?" என்று கேட்பார் சித்தப்பா. "நல்ல க்ளைமட்தான்பா, ராத்திரி கொஞ்சம் குளிர்" என்பான் அவன். "லிஃப்ட்டெல்லாம் ஒழுங்கா வேலை செய்யறதா?" "செய்யறதுப்பா." "பக்கத்துல கோவில் இருக்கோ?" "இருக்கு, நடக்கற தூரம்தான்." நான் அங்கே வந்துவிடட்டுமா என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பெங்களூரின் சௌகரியங்களைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

போன வருஷம் அவன் மகளின் பிறந்தநாளுக்கு இவர் பெங்களூர் போனார். திரும்பி வந்ததும் என்னைப் பார்த்து, ஏதோ பெரிய காரியம் முடித்த முகத்தோடு, "குடையை அங்க வெச்சுட்டு வந்துட்டேன்" என்றார். எண்பது வயதைத் தாண்டிய மனிதர், சொந்தப் பிள்ளையின் வீட்டில் குடையை விட்டுவிட்டு வந்து பதிலுக்குக் காத்திருக்கிறார். "சித்தப்பா, அவனுக்கு இதெல்லாம் தெரியாது. வாயைத் திறந்து கேளுங்கோ" என்றேன். "தெரியாட்டி என்ன? அது அங்க இருக்கட்டுமே. கண்ணுல படும், அப்பா குடைன்னு தோணும். தோணினாப் போறும்" என்றார்.

குடை அந்த வாரமே வந்துவிட்டது. கூரியர்க்காரன் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். நீளமான அட்டைப்பெட்டி, உள்ளே குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள் சுற்றிச் சுற்றி. துருத்திக்கொண்டிருந்த கம்பியைக்கூடச் சரிசெய்து அனுப்பியிருந்தான். பின்னாலேயே போனும் வந்தது. "அப்பா, குடை கிடைச்சுதா? மழை ஆரம்பிச்சுடுமேன்னு எக்ஸ்பிரஸ்ல அனுப்பினேன்" என்று சந்தோஷமாகச் சொன்னான். சித்தப்பா நன்றாகப் பேசினார். கம்பி சரியானதைப் பற்றி இரண்டு தடவை பாராட்டினார். போனை வைத்த பிறகு அந்தப் பிளாஸ்டிக் தாளை மடித்து மடித்து, கைக்குட்டை அளவுக்குச் சின்னதாக ஆக்கினார்.

"பாவம், அவன் அக்கறையாத்தான் அனுப்பியிருக்கான். உங்க கணக்கை இதுல போட்டுப் பாக்காதீங்கோ" என்றேன்.

"தெரியும்டி. அவனுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனாலும் வெச்சுக்கலையே" என்றார்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வீட்டுக்கு வந்து, கணவருக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டேன். எந்தப் பீடிகையும் இல்லாமல், "உங்கப்பா உன்கூட வந்து இருக்கணும்னு நெனக்கறார். கூட்டிண்டு போறியா?" என்று கேட்டேன். அவன் பேசியதைக் குறைசொல்ல எனக்கு மனசில்லை. அவன் மாமியார் ஏற்கெனவே அந்த வீட்டில்தான் இருக்கிறாள், இடுப்பு முறிந்து. இருக்கிற இரண்டு ரூமில் ஒன்று அவளுக்கு. பெண் ஹாலில் உட்கார்ந்து படிக்கிறது. இருவரும் வேலைக்குப் போனால் வீட்டில் ஒரு ஹோம் நர்ஸ்தான். "அக்கா, எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனா எப்படி மேனேஜ் பண்றதுன்னு தெரியலை" என்றான். அவன் குரலும் என் குரல் மாதிரியே அசந்து போயிருந்தது. கடைசியில் மெல்லச் சொன்னான்: "கோயம்புத்தூர்ல ஒரு சீனியர் ஹோம் பாத்தோம். நம்ம சாப்பாடு, கோவில், டாக்டர் எல்லாம் உண்டு. ஒண்ணும் ஃபிக்ஸ் பண்ணலை, ஜஸ்ட் எக்ஸ்ப்ளோர் பண்ணினோம். நீ அப்பாகிட்ட டென்டேட்டிவா சொல்லிப் பாரேன்."

ஆகக்கூடி, நான் ஃபீலர் விடுகிறவளானேன். அதுவும் யாரிடம்? மறுநாள் காபி கலந்து கொடுத்துவிட்டு, கோயம்புத்தூரில் வெயில் கொஞ்சம் குறைவாமே என்று ஆரம்பித்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எந்த ஸ்டேஜ்?" என்றார்.

"டென்டேட்டிவாத்தான் சித்தப்பா. ஒண்ணும் முடிவு பண்ணலையாம்."

"ஆபீஸ்ல மேலேருந்து டென்டேட்டிவ்னு ஒண்ணு வந்தா, ஆர்டர் டைப் ஆயிண்டிருக்குன்னு அர்த்தம்" என்றார். கோபமில்லை, எங்கோ யாருக்கோ நடக்கிற விஷயத்தைச் சொல்வதுபோல. பிறகு, "ஃபீலர்ல ரெண்டு ஜாதி உண்டு, கேட்டியா? ஆமாம்னு வரணுமேன்னு விடறது ஒண்ணு. இல்லைன்னு வந்தாத் தேவலைன்னு விடறது ஒண்ணு. ரெண்டும் நான் நெறைய விட்டிருக்கேன். எனக்கு வாசனையே தெரியும்."

"அப்போ எங்காத்துக்கு வாங்கோ" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். அவர் சிரித்தார். "உன் ஆத்துக்காரரைத் தூக்கி உக்காத்தவே உனக்கு முதுகு போறது. என்னை எங்கடி வெச்சுப்பே?" அது பொய்யில்லை. எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. மாடிப்படி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது. அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் எங்கோ ஓர் ஓரத்தில் அப்பாடா என்று இருந்தது. அதற்காக வெட்கப்பட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அந்த வெட்கத்தில்தான் அப்படிக் கத்தினேனோ என்னமோ. "இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் கேட்டேளே, உங்களுக்குன்னு ஒரு தடவை நேரா கேட்டா என்ன கொறஞ்சா போயிடும்? உங்க பிள்ளைதானே! தமிழ்ல கேளுங்கோ. மென்ஷன், ஃபீலர் ஒரு எழவும் வேண்டாம்!" என்றேன். சித்தப்பாவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். போனை எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுவார், காது மந்தம். பின்னால் பெங்களூர் டிராஃபிக் இரைச்சல். சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். க்ளைமட்டை விசாரிக்கவில்லை. லிஃப்ட்டை விசாரிக்கவில்லை. "டேய், எனக்கு இங்க தனியா இருக்க முடியலை. நான் அங்க வந்து உன்கூட இருக்கட்டா?" என்றார்.

எங்கோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. "அப்பா..." என்றான் அவன். மறுபடியும், "அப்பா, அது வந்து..." என்றான். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. அழுகிறானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சித்தப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்று அவசர அவசரமாகச் சொன்னார். "வெறுதே கேட்டேன். இவ பக்கத்துல நின்னுண்டு கேளு கேளுங்கறா. எனக்குக் கோயம்புத்தூர்தான் சௌகரியம். நான் யோசிச்சாச்சு. நீ ஏற்பாடு பண்ணு." தம்பி, "நிஜமாவாப்பா?" என்று கேட்டான். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருக்குமா? "நிஜமாத்தான்" என்றார். போன் நின்ற பிறகு என்னிடம், "கேட்டுட்டேன், இல்லையா? நேராத்தானே கேட்டேன்?" என்றார். "நேராத்தான் கேட்டேள் சித்தப்பா" என்றேன். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை.

கோயம்புத்தூருக்கு மூன்று பேருமாகக் காரில் போனோம். முன்னாலே தம்பி, பின்னாலே நானும் அவரும். நாகர்கோவில் தாண்டும் வரை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார், அப்புறம் தூங்கிவிட்டார். அந்த இல்லம் நன்றாகத்தான் இருந்தது. மரங்கள், பெஞ்சுகள், சின்னதாக ஒரு பிள்ளையார் கோவில். ஆபீஸ் அறையில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தம்பி நீட்டிய காகிதங்களையெல்லாம் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவனை விட்டுவிட்டு, நேரே சித்தப்பாவைப் பார்த்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கோணுங்க. நீங்க விருப்பப்பட்டுத்தான் இங்க வர்றீங்களா? இல்ல, வூட்ல சொன்னாங்கன்னு வர்றீங்களா? எங்களுக்கு உங்க வாயால சொல்லோணுங்க."

இப்படி ஒருவர் அவரை முகத்துக்கு நேரே கேட்டு நான் பார்த்ததில்லை. சித்தப்பா அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். இப்போதாவது உள்ளதைச் சொல்லிவிடுவாரோ என்று ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"விருப்பப்பட்டுத்தாம்மா வரேன்" என்றார். தயக்கமில்லை, இழுவையில்லை. அவ்வளவு நேரான ஒரு பதிலை அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அவள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் குனிந்து அப்பாவின் பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தான், நிமிரவே இல்லை.